ஒன்பது மூங்கில் தொட்டிகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியோடு கதவைத் திறந்த துசியந்தியின் கண்ணில் முதலில் பட்டது அந்த ஓட்டைதான். மூன்றாம் தொட்டிக்கும் நான்காம் தொட்டிக்கும் நடுவே, அவளுடைய தலைக்கு ஒரு சாண் மேலே, ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு மூங்கில் இலைகள் கொட்டிப்போயிருந்தன. அதற்குள்ளால் பக்கத்து வீட்டுக்காரர் கூரையை உடைத்துப் புதிதாக எழுப்பிய மேல்மாடி யன்னல் தெரிந்தது. யன்னல் அவளுக்குத் தெரிகிறது என்றால் அவளும் யன்னலுக்குத் தெரிகிறாள். வாளியை வைத்துவிட்டு இரண்டு பக்கத்துக் கழிகளையும் வளைத்துச் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. பிறகுதான் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். தொட்டிக்கு இரண்டு வாளி, அடியில் மட்டும், இலையில் ஒரு சொட்டும் படாமல். குழாய் பிடிக்கக் கூடாது என்று தண்ணீர்க் கொம்பனி அறிவித்து மூன்று வாரம் ஆகிறது. அரிசி களைந்தது, கீரை அலசியது, பாத்திரம் கழுவியது என்று முதல் நாளே சேர்த்து வைத்த தண்ணீர்தான் எல்லாம். இன்றைக்கு முப்பத்தைந்து பாகை அடிக்கும் என்று போன் சொன்னது.

யோகமலரின் பின்வளவுக் கடைசியில் நின்ற அந்த மர அறை, அவளுடைய கணவர் சண்முகராசா கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தபடி, உடற்பயிற்சிக் கூடம். அதற்குச் சாட்சியாக உள்ளே ஒரு சைக்கிள் மெஷினும் நின்றது. இதுவரை அதை யாரும் மிதித்ததில்லை. துசியந்தியின் சட்டைகள்தான் அதன் கைபிடியில் தொங்கிக் காய்ந்தன. ஹொலண்டில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனில் சட்டன் பகுதிக்கு வந்து வீடு வாங்கிய குடும்பம். சனத்துக்குள் நல்ல பெயர். யோகமலர் ஓடருக்குச் செய்து விற்கிற ரோல்ஸ், பற்றிஸ் பலகாரங்களுக்கு அதைவிட நல்ல பெயர். அந்த ரோல்ஸைச் சுருட்டுகிறவள் துசியந்தி என்பது வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. துசியந்தி என்று ஒருத்தி அங்கே இருப்பதே தெரியாது. அவளுடைய விசா முடிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு யூலை மாதம், ரியாத்தில் அவள் வீட்டுவேலை செய்த மேடம் லண்டனுக்கு விடுமுறைக்கு வந்தபோது அவளையும் கூட்டி வந்திருந்தாள். மூன்றாம் நாள், குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டு வருகிறேன் என்று படியிறங்கிய துசியந்தி குப்பைப் பையோடேயே நடந்து போய்விட்டாள். கடவுச்சீட்டு மேடத்தின் பெட்டிக்குள். கையில் இருந்தது தாய் வழியில் தூரத்து அக்கா முறையான யோகமலரின் தொலைபேசி இலக்கம் மட்டும். அது நடந்து ஒரு மாதத்தில், அவளை ரியாத்துக்கு அனுப்பிய ஏஜென்ற் வவுனியாவில் அவளுடைய அம்மாவின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறான். மேடத்தின் தங்கச் சங்கிலியை அவள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாளாம், பொலிசில் கேஸ் இருக்கிறதாம். "எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு போட்டோ காணும், அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். சங்கிலியை அவள் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அந்த ஒரு வசனம் அவளுக்குள் புகுந்து குடியேறிவிட்டது. அன்றிலிருந்து அவள் ஒரு போன் கமெராவுக்கும் முகம் கொடுத்ததில்லை.

லோயரிடம் போய் உள்ளதைச் சொன்னால் சட்டப்படி இருக்க வழியிருக்கும் என்று சண்முகராசா சொல்வதுண்டு. யோகமலரும் ஒத்துக்கொள்வாள். கிறிஸ்மஸ் ஓடர் முடியட்டும், பிறகு சித்திரை வருசம் முடியட்டும், பிறகு பெரியவளான மகள் லக்‌ஷிகாவின் சாமத்தியவீடு முடியட்டும். யோகமலரைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் பயம்தான். வைத்திருந்ததற்காகத் தங்களையும் பிடிப்பார்களோ என்ற பயம். இரண்டு பயந்த பெண்கள் ஒரே சமையலறையில் நின்று ரோல்ஸ் சுருட்டினால் லோயரிடம் போகிற நாள் எங்கே வரப்போகிறது?

மூங்கில் யோசனை துசியந்தியுடையது. அவளுக்கு இந்த உலகத்தில் வடிவாகத் தெரிந்த ஒரே தோட்டவேலை அது. ரியாத் வீட்டில் மேடத்தின் நீச்சல் குளத்துக்கும் அடுத்த வீட்டு மாடி யன்னல்களுக்கும் நடுவே நாற்பது மூங்கில் புதர்கள் வரிசையாக நின்றன. தோட்டக்காரன் போன பிறகு அவை அவள் தலையில் விழுந்தன. ஐம்பது பாகை வெயிலில், மண் என்ற பெயரில் மணல்தான் கிடக்கிற ஊரில், மூங்கிலை உயிரோடு வைத்திருப்பது பிள்ளை வளர்க்கிற வேலை. சூரியன் வர முதல் வேரில் தண்ணீர் இறங்கி முடிந்திருக்க வேண்டும். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளக் கூடாது, அதுதான் வேருக்குப் போர்வை. மேடத்துக்கோ குப்பை பிடிக்காது. விருந்தாளிகள் வருமுன் கூட்டி அள்ளி, போன பிறகு திரும்பக் கொண்டுவந்து கொட்டுவாள். பதினொரு மணிக்கு இலைகள் எல்லாம் குழலாகச் சுருண்டுவிடும். முதல் தடவை கண்டபோது செத்துப் போச்சென்று அழுதிருக்கிறாள். சாகவில்லை, வெயிலுக்குப் பயந்து தன்னைத் தானே மடக்கிக்கொள்கிறது. பின்னேரம் திரும்ப விரியும். விரியாவிட்டால்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமைகளில் மேடம் குளத்தங்கரைக் கதிரையில் இருந்து வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். எங்காவது அடுத்த வீடு துண்டாகத் தெரிந்தால் விரலை நீட்டுவாள். விரல் நீட்டிய நாளில் துசியந்திக்குச் சாப்பாடு இல்லை. இலைக்குள் ஓட்டை தேடுகிற கண் அவளுக்கு அப்படித்தான் வந்தது.

சட்டனில் நிலத்தில் நட யோகமலர் விடவில்லை. வேர் சுவருக்குக் கீழால் ஓடினால் நாளைக்கு வீடு விற்க முடியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒன்பது நீளமான கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள், அறையையும் அதன் கதவையும் சுற்றி. இரண்டு வருடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் அறையே தெரியாது, ஒரு பச்சைச் சுவர்தான். ஆனால் இந்தக் கோடை அவளை ஏமாற்றிவிட்டது. நிலத்தில் நின்றால் மூங்கில் ரியாத்தையும் தாங்கும். கறுப்புத் தொட்டியில் நின்றால் சட்டனைக்கூடத் தாங்காது. மத்தியானம் தொட்டியைத் தொட்டால் கை சுட்டது. வேர்கள் உள்ளே அவிந்துகொண்டிருந்தன. ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள், பழைய பெட்ஷீற்றைக் கிழித்துப் போர்த்தினாள். ஒவ்வொரு காலையும் எழும்பி, எங்கே ஓட்டை என்று தேடினாள். இப்போது விரல் நீட்ட மேடம் இல்லை. அதனால் பயம் குறைந்தது என்று யாரும் நினைத்தால், அவர்களுக்குப் பயத்தைப் பற்றித் தெரியாது.

அன்றைக்குச் சனிக்கிழமை. லக்‌ஷிகாவுக்குத் தண்ணீர் வார்க்கிற நாள். மறுநாள் மண்டபத்தில் நானூறு பேருக்கு விருந்து. இன்றைக்கு வீட்டோடு சடங்கு, நெருங்கிய சொந்தம் ஒரு நாற்பது பேர். எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு பிள்ளை பெரியவளானால் பிள்ளையைத் தவிர மற்ற எல்லாருக்கும் கொண்டாட்டம். கனடாவிலும் வவுனியாவிலும் இருக்கிற சொந்தங்களுக்காக வீடியோக்காரர் ஷங்கர் சடங்கை லைவாகப் போடுவதாக ஏற்பாடு. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த லக்‌ஷிகா நேரே மூங்கிலுக்குள் புகுந்து துசியந்தியின் கட்டிலில் வந்து விழுந்திருந்தாள்.

"அன்ரி, லைவ் எல்லாருக்கும் ஓப்பினாம். என்ர இயர் செவின் வகுப்பு முழுக்கப் பாக்கலாம். என்ர தலையில தண்ணி ஊத்திறதை, அன்ரி! ஐ டோன்ற் வோன்ற் இற்."

"அம்மாவிட்ட சொன்னனியோ?"

"சொன்னன். எல்லாரும் செய்யிறதுதானே எண்டுறா. நீங்கள் சொல்லுங்கோ. ப்ளீஸ். நீங்கள் சொன்னா கேப்பா."

"சொல்லிப் பாக்கிறன்" என்றாள் துசியந்தி. அன்று பின்னேரமே சமையலறைக்குப் போனாள். யோகமலர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பலகாரக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, "என்ன துசி?" என்று கேட்டாள். துசியந்தி ஒன்றுமில்லை என்று உருளைக்கிழங்கை எடுத்துத் தோலுரிக்கத் தொடங்கினாள். இருக்க இடம் தந்தவளுக்கு அவள் பிள்ளையை வளர்க்கிற விதம் சொல்லிக் கொடுக்க நான் யார் என்று நினைத்தாள். உண்மை அதைவிடச் சின்னது. அவள் பயந்தாள், அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு யோகமலர் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கொண்டுவந்தாள். "ரெண்டு மணி வரைக்கும் வெளியால வராத, என்ன? திரையை இழுத்து விடு. ஃபானைப் போடாத, சத்தம் கேக்கும்." பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக நின்ற அவளுடைய முகம் வேர்த்துக் கிடந்தது. "எனக்கும் ஈரக்குலை நடுங்குது துசி. இண்டைக்கு மட்டும் சமாளி."

ஒன்பது மணிக்கு வளவு நிறைந்துவிட்டது. துசியந்தி சைக்கிள் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஓடுகிற சத்தம், வளையல் சத்தம், யோகமலரின் தம்பி றூபனுடைய பெரிய சிரிப்பு. லண்டனின் மறுகோடி பிளேஸ்டோவிலிருந்து வந்த தாய்மாமன், தேங்காய் உடைக்க வேண்டியவர். மர அறை மெல்ல மெல்ல அடுப்பாகிக்கொண்டிருந்தது. ஷங்கரின் குரல் கிட்டக் கேட்டது.

"அக்கா, பின்னுக்குக் குப்பை வாளி எல்லாம் படத்தில விழுது, நல்லாயில்லை. அந்தப் பம்பூத் தொட்டியளை இஞ்சால கொண்டு வந்தால் கலாதியா இருக்கும். பச்சைப் பின்னணி. காசு குடுத்தாலும் கிடையாது."

"அது வேண்டாம். அதுகள் பாரம்" என்றாள் யோகமலர்.

"நாங்கள் இத்தனை பேர் நிக்கிறம், என்ன பாரம்?" இது றூபன். "ஏன் அக்கா, அதுக்குப் பின்னால புதையலே வைச்சிருக்கிறியள்?"

எல்லாரும் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள், பாவம். துசியந்தி அந்தச் சிரிப்பைக் கேட்டாள், பிறகு பிளாஸ்டிக் கல்லில் உரசுகிற சத்தத்தைக் கேட்டாள். ஒரு தொட்டி. இரண்டு. மூன்று. ஒவ்வொரு தொட்டி நகரும்போதும் திரைச்சீலையில் வெளிச்சம் ஒரு முழம் ஏறியது. ஒன்பதாவது போனபோது அறை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. இரண்டு வருடமாக அந்த அறைக்குள் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். தாகம் எடுத்தது. தண்ணீர்ப் போத்தல் கையெட்டும் தூரத்தில் இருந்தும், அதை எடுத்தால் நிழல் அசையும் என்று எடுக்கவில்லை.

திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகல இடைவெளியால் பார்த்தாள். வீட்டோடு சேர்ந்த கல் முற்றத்தில் அவளுடைய மூங்கில்கள் அரைவட்டமாக நின்றன. இழுத்த இழுவையில் கட்டுகள் அறுந்து கழிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இலைகள் இப்போதே சுருளத் தொடங்கிவிட்டன. முன்னால் பலகையில், மஞ்சள் சேலை சுற்றி, தலை குனிந்து லக்‌ஷிகா இருந்தாள். மாமி முறையான டயனா, றூபனின் மனைவி, செம்போடு நின்றாள். தலையில் பாலும் அறுகும் வைக்க ஒரு வரிசை. வயதானவர்கள் வெயில் தாங்காமல் வீட்டுக்குள் போயிருந்தார்கள். அவர்களுக்காக ஷங்கர் லைவை வரவேற்பறையின் பெரிய டீவியில் போட்டு விட்டிருந்தான். திறந்து கிடந்த கண்ணாடிக் கதவுக்குள்ளால் அது தெரிந்தது. அவனோ போனைத் தடியில் மாட்டி லக்‌ஷிகாவின் முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, நிமிந்து பாருங்கோ. ஒருக்கால் சிரியுங்கோ. இருநூற்றுப் பத்துப் பேர் பாக்கினம்."

முதல் செம்புத் தண்ணீர் விழுந்தது. லக்‌ஷிகா முகத்தை இரண்டு கையாலும் மூடினாள். டயனா சிரித்துக்கொண்டே கையை விலக்கிவிட்டாள். திரும்ப மூடினாள். ஷங்கர் குனிந்து, போனைக் கீழிருந்து மேலாகப் பிடித்தான். அப்போது அந்தப் பிள்ளை எழுந்த வேகத்தில் பலகை புரண்டது. ஈரச் சேலையைக் கையில் அள்ளிக்கொண்டு வளவின் குறுக்கே ஓடி வந்தாள். வீட்டுக்குள் போகவில்லை, அங்கே டீவி இருந்தது. நேரே மர அறைக்கு வந்தாள். இரண்டு கையாலும் கதவை அடித்தாள்.

"துசி அன்ரி! ஓப்பின் பண்ணுங்கோ! துசி அன்ரி!"

அந்தப் பெயரை நாற்பது பேரும் கேட்டிருப்பார்கள். போன் கேட்டிருக்கும். துசியந்தி அசையவில்லை. அசைய முடியவில்லை. திறக்காவிட்டால் இது ஒரு வெறும் அறை, பிள்ளை என்னவோ உளறுகிறாள், யோகமலர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். பேசாமல் இருந்தால் போதும். இரண்டு வருடம் பேசாமல் இருந்தவளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பெரிதா? வவுனியா வாசலில் நிற்கிற ஏஜென்ற், பொலிஸ், விசா பார்க்கிற ஹோம் ஒஃபிஸ், ஆளை ஏற்றிப் பூட்டுகிற வான் வண்டி, எல்லாம் அந்தக் கதவுக்கு மறுபக்கம் வரிசையாக நின்றன. கதவு அதிர்ந்தது. "அன்ரி, அவர் போனோட வாறார்! ப்ளீஸ், அன்ரி!" அந்தக் குரலில் இருந்தது என்னவென்று துசியந்திக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அது அவளுடைய சொந்தப் பயம். சொல்லிப் பார்க்கிறேன் என்றுவிட்டு உருளைக்கிழங்கு உரித்தவள் நீதானே என்று ஒரு எண்ணம் வந்தது. எழுந்து, உள்பூட்டைத் திருப்பி, கைபிடியை அழுத்தினாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. லக்‌ஷிகா அவளுடைய கைக்குக் கீழால் புகுந்து உள்ளே போய், அவளுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அதை இழுத்துச் சாத்த வேண்டிய இடத்தில் ஷங்கர் வந்து நின்றான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ஓடுகிற பிள்ளையைத் துரத்திப் படம் பிடிப்பதும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைக்கிற சாதாரண வீடியோக்காரன். சிரித்துக்கொண்டே தடியை அவளுடைய தோளுக்கு மேலால் அறைக்குள் நீட்டினான். துசியந்தி ஒரு அடி முன்னால் வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். போன் அவளுடைய முகத்துக்கு நேரே இருந்தது.

"தம்பி, பிள்ளையை எடுக்காதேங்கோ."

"நீங்கள் ஆர்?" என்றான் ஷங்கர். தடி கீழே இறங்கவில்லை.

"அவளுக்கு விருப்பமில்லை. வேணுமெண்டால் என்னை எடுங்கோ. அவளை எடுக்க விடமாட்டன்."

சொல்லிவிட்டாள். றூபன் தேங்காயைக் கையில் வைத்தபடி நின்றார். டயனாவின் செம்பிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. யோகமலர் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அவளுடைய கண்கள் துசியந்தியை அல்ல, வீட்டுக்குள் எதையோ பார்த்தன. துசியந்தியும் அங்கே பார்த்தாள்.

வரவேற்பறையில் வயதானவர்கள் வரிசையாக டீவிக்கு முன்னால் இருந்தார்கள். டீவியில் லக்‌ஷிகா இன்னும் பலகையில் இருந்தாள். டயனா இன்னும் சிரித்துக்கொண்டு செம்பைச் சரித்தாள். துசியந்திக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. லைவ் என்பது பெயருக்குத்தான். இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. கனடாவுக்கும் வவுனியாவுக்கும், யார் கண்டது, ரியாத்துக்கும், அவள் இன்னும் வெளியே வரவில்லை. அங்கெல்லாம் அவள் இன்னும் ஒளிந்துதான் இருக்கிறாள். ஷங்கர் இப்போது போனை எறிந்து உடைத்தாலும் போனது போனதுதான், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

டீவியில் பிள்ளை முகத்தை மூடினாள். எழுந்தாள். பலகை புரண்டது. படம் குலுங்கியது, வானம் தெரிந்தது, காய்ந்த புல் தெரிந்தது. ஒரு கிழவர் என்ன நடக்கிறது என்று கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். சுற்றி ஒரு மரமும் செடியும் இல்லாத ஒரு மர அறையும், சாத்திய கதவும், அதை அடிக்கிற இரண்டு சின்னக் கைகளும் திரை முழுவதும் வந்து நின்றன. துசியந்தியின் முதுகில் சட்டையைப் பிடித்திருந்த ஈரக் கை இறுகியது. அவள் உள்ளே போகவில்லை. டீவியில் கதவின் கைபிடி மெல்லக் கீழே இறங்கியது.